கீரைக்கு லைன் பிடித்தேன்

எந்தக் கெட்ட செய்தியும் என்னைத் தாண்டித்தான் என் மனைவி மனோரஞ்சிதத்திடம் போகவேண்டும். 2009 சித்திரையில், நாங்கள் புலம்பெயர்ந்து வந்த எஸ்பியர்க் நகரில், எங்கள் வீட்டுக் குசினிக்குள் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று நான் எடுத்த வீரத் தீர்மானம் இது.

அவளுடைய தம்பி கோணேசன் வன்னிக்குள் அகப்பட்டிருந்தான். யுத்தம் ஒரு கடற்கரைத் துண்டுக்குள் ஒடுங்கிவிட்டது. அவனைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. ரெலிபோன் அடித்தால் அவள் விழுந்தடித்து ஓடுவாள். ஹொல்ஸ்டெப்ரோ நகரிலிருந்து அவளின் அக்கா வினோதாதான் கோல் எடுப்பார். எடுத்தவுடன் அழுவார். அழுது முடியும்வரை என்ன நடந்ததென்று ஆண்டவனுக்கும் தெரியாது.

சத்தமில்லாமல் ரெலிபோன் வயரைக் கழற்றினேன். வீட்டில் இருந்த ஒரேயொரு மொபைலை என் சட்டைப் பைக்குள் போட்டேன். இனி அவளை வெளியே கிளப்பவேண்டும்.

"இஞ்சரும், ஸ்பினாத் கீரை விதைக்க இதுதான் நேரம்."

"காலமை புல்லெல்லாம் உறைஞ்சு வெள்ளையாய்க் கிடந்ததப்பா!"

"அதுக்குக் குளிர்தான் விருப்பம். வெயில் ஏறினாப் பிறகு விதைச்சா இலை வராது, பூத்தான் வரும்."

"ஆர் சொன்னது?"

"பக்கத்து வீட்டுக் கியர்ஸ்டின்."

தோட்டத்துக்கு வந்தாள். ஒரு பிடி மண்ணை அள்ளிப் பிசைந்தாள். அது கொழுக்கட்டை மாதிரி உருண்டது.

"ஈரம். இதுக்குள்ள போட்டா விதை அழுகிப்போம். மண் உதிரட்டும். அதுவரைக்கும் நீங்கள் கொத்துங்கோ."

கொத்தினேன். நாள்கணக்காகக் கொத்தினேன். முதுகு இரண்டாகியது. பைக்குள் மொபைல் வாய் திறக்கவில்லை; அதற்குப் பக்கத்தில் நெஞ்சுதான் அடித்தது. அவளோ அமைதியாக இருந்தாள். அது இன்னும் பயமாக இருந்தது.

ஒருவழியாக மண் உதிர்ந்தது. கயிறு கட்டி லைன் பிடித்தேன். உள்ளே லைனைக் கழற்றிவிட்டு வெளியே லைன் பிடித்த முதல் மனிதன் நானாகத்தான் இருக்கும். அப்போது வேலிக்கு மேலால் கியர்ஸ்டின் தலையை நீட்டினாள்.

"மனோ! ரெலிபோன்! உன் அக்கா!"

விதைப் பைக்கற்றைப் போட்டுவிட்டு மனோ ஓடினாள். நான் பாத்திக்குள் நின்றபடியே எட்டிப் பார்த்தேன். கியர்ஸ்டினின் ஜன்னலுக்குள் மனோவின் முதுகு மட்டும் தெரிந்தது. தோள் குலுங்கியது.

திரும்பி வந்தாள். முகமெல்லாம் கண்ணீர்.

"கோணேசன் வெளிய வந்திட்டான். வவுனியா முகாமிலை நிக்கிறான். காலிலை காயமாம். உயிரோட இருக்கிறானப்பா!"

நான் பாத்திக்குள்ளேயே குந்திவிட்டேன். அழுகை வந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது.

"அக்கா ஏன் அங்கை எடுத்தவா?"

"நீங்கள் வயரைக் கழற்றின அண்டைக்கே கியர்ஸ்டினின்ர நம்பரைக் குடுத்திட்டன். மொபைலுக்கு எடுக்கவேண்டாமெண்டும் சொன்னனான். கெட்ட செய்தி வந்தா அதைத் தனிய வைச்சுக்கொண்டு நீங்கள் செத்துப்போவியள்."

"எல்லாம் தெரிஞ்சும் ஏன் பேசாமல் இருந்தனீர்?"

அவள் மூக்கைத் துடைத்தாள்.

"பேசியிருந்தா இவ்வளவு தோட்டத்தையும் ஆர் கொத்திறது?"