சார்ஜென்டுக்கு விழுந்த சீட்டு

லாஜஸ், தெர்செய்ரா தீவு
பரிசுத்த ஆவித் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்

டொரோண்டோவில் இருக்கும் அன்புள்ள இடலீனா அக்காவுக்கு, தம்பி எதுவீனு வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் சுகம். நீயும் அத்தானும் சுகமாயிருக்கப் பரிசுத்த ஆவியை வேண்டுகிறேன்.

விமான தளத்தில் அமெரிக்கர்கள் ஆளைக் குறைக்கிறார்கள், இனிக் குடிவர ஆளிருக்காது, அப்பா கட்டிய வீட்டை விற்றுவிடலாம் என்று எழுதியிருந்தாய். அவசரப்படாதே அக்கா. பின்கட்டில் நான் இருக்கிறேன், முன்கட்டில் தளத்து அமெரிக்கர் சார்ஜென்ட் ட்வைட் வாடகைக்கு இருக்கிறார். அவர் எங்கும் போகமுடியாதபடி ஏற்பாடு செய்திருக்கிறேன். போன வருஷம் திருவிழா முடிந்து, அடுத்த முறை ஆவியின் கிரீடம் எந்த வாரம் யார் வீட்டில் தங்குவது என்று சீட்டுப் போட்டபோது அவர் பெயரையும் எழுதிப் போட்டேன். கிரீடச் சீட்டு விழுந்தவன் ஊரை விட்டுப் போனதாக நம் தீவில் பேச்சே கிடையாது. சின்ன வாரம் ஏதாவது விழும், மெழுகுவர்த்தி ஏற்றி முடித்துவிடலாம் என்று நினைத்தேன். விழுந்ததோ ஊருக்கே சூப்பும் இறைச்சியும் போடுகிற கடைசி வாரம்.

"எத்தனை பேர் வருவாங்க எதுவீனு?" என்றார்.

"வர்றவங்க வருவாங்க."

"யாரை எல்லாம் கூப்பிடணும்?"

"யாரையும் கூப்பிட வேண்டாம். அதனாலதான் எல்லாரும் வருவாங்க."

விருந்து மாட்டுக்குப் பூ சூட்டி ஊர்வலம் விடவேண்டும் என்று சொன்ன நான், அது அறுப்பதற்கு என்று சொல்ல மறந்துவிட்டேன். மனுஷன் விருந்துக்கு வாங்கிய கன்றுக்கு 'கர்னல்' என்று பெயர் வைத்து, பூவும் மணியுமாகத் தளத்துக்குக் கூட்டிப்போயிருக்கிறார். நம் கொடியும் அமெரிக்கக் கொடியும் பறக்கிற வாசலில் நம்மூர்ச் சிப்பாய், "இது எங்க பக்கத்து மாடா, உங்க பக்கத்து மாடா? எங்களுதுன்னா எங்க கமாண்டர் கையெழுத்து வேணும், உங்களுதுன்னா உங்க ஆளு கையெழுத்து வேணும்" என்றிருக்கிறான். இரண்டு கொடிக்கும் நடுவில் கன்று மத்தியானம் வரை நின்று சாணியும் போட்டுவிட்டது. அதை எந்த நாடு அள்ளுவது என்று இன்னும் முடிவாகவில்லை. கர்னல் இப்போது நம் ஹைட்ரேஞ்சியாப் பூச்செடி வேலியைத் தின்றுகொண்டிருக்கிறது. விருந்துக்கு வேறு மாடு பார்த்தாயிற்று.

நேற்று ரொட்டிக் கணக்குப் பேச எதிர்வீட்டு ஃபிலோமேனா வந்திருந்தாள். சார்ஜென்ட் திடீரென்று, "எங்க ஆளுங்க உங்க ஊருக்கு வந்து எத்தனையோ வருஷமாச்சு. ஒருத்தருக்கும் ஒரு வேளை சாப்பாடு போட்டதில்ல" என்றார்.

"விருந்தாளிங்க கிட்ட யாருங்க கேப்பாங்க?" என்றாள் அவள்.

அதனால் அக்கா, இப்படிப்பட்ட மனிதர் குடியிருக்கும் வீட்டை விற்கிற பேச்சே வேண்டாம். நான் செத்தாலும் கையெழுத்துப் போடமாட்டேன். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி.

உன் தம்பி
எதுவீனு

பி.கு.: உறையை ஒட்டப்போகும்போது சார்ஜென்ட் வந்தார். மாற்றல் உத்தரவு வந்ததாம். விருந்து வைக்காமல் போக மனசு வராமல், ஆட்குறைப்பில் தன் பெயரையும் சேர்க்கச் சொல்லி எழுதிக்கொடுத்து ஓய்வு வாங்கிவிட்டாராம். "இனிமே நான் தளத்து ஆளு இல்ல. இந்த வீட்டை எனக்கே விலைக்குக் குடுங்க. நீங்க எப்பவும் போலப் பின்கட்டுல இருங்க, என் விருந்தாளியா" என்றார். மேலே எழுதியதை மறந்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கிளம்பி வா. எத்தனை நாள் இருக்கலாம் என்று மட்டும் கேட்டுவைத்தேன்.

"நாங்க உங்க ஊர்ல இருந்த அளவுக்கு" என்றார்.