அறுபதா, முப்பத்தெட்டா

பைக் மீட்டர் அறுபது என்றது. கைப்பிடியில் புதிதாக உட்கார்ந்திருந்த ஜிபிஎஸ் முப்பத்தெட்டு என்றது. பின்னால் இருந்த மனைவி தோளைத் தட்டினாள்.

"முள்ளு அறுபதைத் தொடுது."

"இது முப்பத்தெட்டுங்குது, பாரு."

"அது நேத்து வந்தது. மீட்டர் வண்டியோட பொறந்தது. நான் எதை நம்பறது?"

கண்ணாடிக்காரர் வேகத்தைக் குறைத்தார். அவர் ஒரு கண்ணாடிக் கடையில் சீனியர். ஊரிலுள்ள பாதிப் பேர் கண்ணுக்குப் பவர் பார்த்துச் சொல்பவர். அந்தக் கடையின் ஷட்டர் சாவி அவர் பெல்ட்டில்தான் தொங்கும். நடக்கும்போது அது சிணுங்கினால்தான் அவருக்கு நடந்த மாதிரியே இருக்கும். பதவி, மரியாதை எல்லாம் அவருக்கு அந்தச் சாவிதான்.

இப்போது ஆபத்து வந்திருப்பது அதற்குத்தான். மணி ஒன்பது அடிக்கும் முன் ஷட்டரைத் தூக்கிப் பழகிய மனிதர், கொஞ்ச நாளாக எப்படிக் கிளம்பினாலும் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறார். டிராஃபிக் மீது பழி போட்டார். குறுக்கு வழி காட்டும் என்று நம்பி ஜிபிஎஸ் வாங்கினார். அது முதல் நாளே, நீ ஒன்பதே காலுக்குத்தான் போய்ச் சேருவாய் என்று காட்டியது. ஓட்டப்போவது நான், இதற்கென்ன தெரியும் என்று நினைத்தார். ஒன்பதே காலுக்குத்தான் போய்ச் சேர்ந்தார். அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடை வாசலில் முதலாளி நின்றிருந்தார்.

"இன்னொரு நாள் லேட்டானா சாவிய கேஷியர் கிட்ட குடுத்துடுங்க."

கேஷியர் மறுநாளே புது பெல்ட் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

சரி, முறுக்கிவிட்டுப் போகவேண்டியதுதானே என்று கேட்கலாம். எங்கே முறுக்குவது? போன மழைக்கு ஒரு தடவை வழுக்கி விழுந்து முழங்கையில் கட்டுப் போட்டுக்கொண்டார். அன்றோடு அவர் பறக்கிறவர் என்று வீட்டில் தீர்ப்பாகிவிட்டது. தினமும் அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு, "உருட்டிக்கிட்டே போடா" என்பார். மனைவியை வழியில் நூலகத்தில் இறக்கிவிட வேண்டும். அதுவரை அவள் அவர் தோளுக்கு மேலே எட்டி மீட்டரையே பார்த்துக்கொண்டு வருவாள். ஃபேனை எந்த நம்பரில் வைப்பது என்பதில்கூட மாமியாரும் மருமகளும் ஒத்துப்போனதில்லை. இவர் வேகத்தைக் குறைக்கும் விஷயத்தில் மட்டும் இரண்டு பேரும் ஒரே கட்சி. அறுபதைத் தாண்டமாட்டேன் என்று இருவரிடமும் தனித்தனியாகச் சத்தியம் செய்திருந்தார். செய்த சத்தியத்தைக் காப்பாற்றுகிற ரகம் அவர், பாவம்.

முதலாளி எச்சரித்த அன்று சாயங்காலமே ஜிபிஎஸ் விற்ற கடைக்குப் போனார்.

"தம்பி, இது பொய் சொல்லுது."

"பொய் சொல்லாது சார். கொஞ்சம் லேட்டாச் சொல்லும். சாட்டிலைட் கிட்ட கேட்டு, கணக்குப் போட்டு, அப்புறம்தான் காட்டும். நீங்க பிரேக் அடிச்சாலும் ரெண்டு செகண்ட் கழிச்சுத்தான் இறங்கும். ஒரே வேகத்துல போய்ப் பாருங்க, சரியா இருக்கும்."

"ஒரே வேகத்துலதான்பா போறேன். அறுபதுல போனா முப்பத்தெட்டுங்குது."

"அப்போ மீட்டரை ஒரு தடவை..."

"மீட்டரைப் பத்திப் பேசாத. போன மாசம்தான் வண்டிய சர்வீஸ் பண்ணினேன். முன்னாடி நாப்பத்தஞ்சு குடுத்த வண்டி இப்போ லிட்டருக்கு எழுபது குடுக்குது. அப்படிப்பட்ட வண்டியோட மீட்டர் தப்பா இருக்குமா?"

கடைக்காரருக்கு அதற்கு மேல் வாதாடத் தெம்பில்லை. வானம் நன்றாகத் தெரிந்தால் துல்லியமாகக் காட்டும் என்று சொல்லி, ஒரு நீளக் கம்பியை வைத்து ஜிபிஎஸ்ஸை உயரத் தூக்கி மாட்டிவிட்டார். வானத்துக்குத் தெரிந்ததோ இல்லையோ, மனைவிக்கு நன்றாகத் தெரிந்தது.

மறுநாள் சிக்னலில் வண்டி நின்றது.

"சிக்னல்ல நிக்கும்போதே முப்பத்தொண்ணுல போறீங்க."

"நின்னுட்டேம்மா. அது பழைய வேகம். இப்போதான் வந்து சேருது."

"பழைய வேகமே இவ்வளவுன்னா புது வேகம் எவ்வளவு?"

இதற்கு எந்த சாட்டிலைட்டாலும் பதில் சொல்ல முடியாது. எதற்கு வம்பென்று மீட்டரில் நாற்பதோடு நிறுத்திக்கொண்டார். முதுகில் புத்தகப் பையோடு ஒரு பள்ளிக்கூடப் பெண் சைக்கிளில் மணியடித்து அவரைத் தாண்டிப் போனாள். இந்தக் காலத்து சைக்கிள்களுக்குத்தான் என்ன வேகம் என்று அவர் வியந்தார். அன்று முதலாளி வெளியூர் போயிருந்ததால் சாவி தப்பித்தது. கேஷியர் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் புன்னகைத்தார்.

ராத்திரி சாப்பாட்டு மேஜையில் ஜிபிஎஸ்ஸைக் கையில் வைத்துக் குடைந்து ஒரு வழி கண்டுபிடித்தார். வேகம் மிஞ்சினால் அதுவே குரல் கொடுக்க ஏற்பாடு இருந்தது. ஐம்பதைத் தாண்டினால் கத்து என்று வைத்தார்.

"இனிமே நீ எட்டிப் பாக்கவே வேண்டாம். அதுவே சொல்லும்."

காலையில் மீட்டர் அறுபதைத் தொட்டது. ஜிபிஎஸ் வாயைத் திறக்கவில்லை.

"உங்க டப்பாவுக்கும் உங்கள மாதிரியே பயம் விட்டுப்போச்சு" என்றாள் மனைவி.

ஓரமாக நிறுத்தி, முப்பத்தைந்தைத் தாண்டினாலே கத்தும்படி மாற்றினார். இப்போது கத்தியது. ஓயாமல் கத்தியது. நூலக வாசலில் இறங்கிய மனைவிக்கு முதல் தடவையாக முகத்தில் திருப்தி.

"இதுதான் சரி. இப்படியே விடுங்க."

அங்கிருந்து கடை வரை ஒரே சாலைதான். நேரமும் இருந்தது. இன்று பிழைத்தேன் என்று கண்ணாடிக்காரர் நினைத்த நேரம், நாற்சந்தியில் போலீஸ்காரர் கையைக் காட்டினார். இவர் பிரேக் அடித்து, வண்டி நின்று, காலைக் கீழே ஊன்றிய பிறகு ஜிபிஎஸ் நிதானமாக வாய் திறந்தது.

"அதிக வேகம். வேகத்தைக் குறைக்கவும்."

போலீஸ்காரர் நின்றுகொண்டிருந்த சக்கரத்தைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார்.

"எதைக் குறைக்கச் சொல்லுது?"

"சார், அது பழைய வேகம். லேட்டாத்தான் வரும்."

"அப்போ வேகமாத்தான் வந்திருக்கீங்க."

"இல்ல சார், முப்பத்தஞ்சுக்கே கத்தும். என் மீட்டர்ல அது அம்பத்தஞ்சு. ஆனா அது..."

சொல்லச் சொல்ல அவருக்கே தப்பாகத் தெரிந்தது. போலீஸ்காரர் வண்டியை ஓரம் கட்டச் சொல்லி, இன்னொரு போலீஸ்காரரைக் கூப்பிட்டு, முதலிலிருந்து மறுபடி சொல்லச் சொன்னார். இரண்டு பேரும் நன்றாகச் சிரித்துவிட்டுத்தான் விட்டார்கள்.

கடைக்கு வந்தபோது ஷட்டருக்கு முன்னால் நான்கு பேர் நின்றிருந்தார்கள். ஐந்தாவது ஆள் முதலாளி. அவர் கையை மட்டும் நீட்டினார். கண்ணாடிக்காரர் பெல்ட்டிலிருந்து சாவியைக் கழற்றி அந்தக் கையில் வைத்தார். அன்று முழுவதும் கேஷியர் எங்கே நடந்தாலும் சாவி சிணுங்கியது. ஒரு பெரியவருக்கு எழுத்துப் பலகையைக் காட்டிப் பவர் பார்க்கும்போது கண்ணாடிக்காரருக்கே எழுத்து கலங்கித் தெரிந்தது.

சாயங்காலம் நேரே வண்டியை சர்வீஸ் செய்த மெக்கானிக்கிடம் போனார்.

"இந்தப் பொய் டப்பாவை மொதல்ல கழட்டிக் குப்பையில போடு. இதால சாவி போச்சு. கேஷியர் முன்னாடி மானம் போச்சு. போலீஸ்காரன் சிரிக்கறான்."

மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார். கையைத் துணியில் துடைத்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"அண்ணே, வண்டி மைலேஜ் எவ்வளவு குடுக்குது?"

"எழுபது. அதுக்கு என்ன இப்போ?"

"எழுபதா?" மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "டப்பாவைத் திட்டாதீங்கண்ணே. போன சர்வீஸ் அப்போ அண்ணி வந்து, உங்களுக்குத் தெரியாம மீட்டரைக் கொஞ்சம் கூடுதலா ஓடற மாதிரி வைக்கச் சொன்னாங்க, வச்சேன். அதான் மைலேஜும் கூடுதலாத் தெரியுது. மறுநாளே அம்மா வந்து, அண்ணிக்குத் தெரியாம இன்னும் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொன்னாங்க."