பெயிண்ட் உதிராத எஞ்சின்

முத்துகுமரனுக்குப் பாத்திரச் சோப்பு ஆகாது. கல்யாணமான புதிதில், யோகலட்சுமி சோற்றுப் பானையைத் தேய்க்கச் சொன்ன அன்று வந்த ஒவ்வாமை. குளிக்கிற சோப்பு ஒன்றும் செய்யாது. பாத்திரச் சோப்பைத் தொட்டால் மட்டும் விரல் விரலாக அரிக்கும். அந்தப் பொய் அரிப்பை இத்தனை வருஷமும் அவர் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தார்.

அதற்கு ஆபத்து ஒரு ரயில் எஞ்சின் வடிவில் வந்தது.

ரெசின் என்ற பிளாஸ்டிக் பாகங்களை வாங்கி ஒட்டி, பெயிண்ட் அடித்து, சின்னச் சின்ன எஞ்சின் செய்வது அவருடைய ஞாயிற்றுக்கிழமைப் பைத்தியம். போன சாரல் சீசனுக்குக் குற்றால அருவியில் குளிக்கத் திருவேங்கடத்திலிருந்து வந்த மைத்துனன் கைலாசம், ஒன்றைக் கையில் எடுத்தான். கீழே வைத்தபோது கறுப்புப் பெயிண்ட் பாதி அவன் விரலில் இருந்தது.

"என்ன அத்தான், எஞ்சினுக்குத் தோல் உரியுது?"

வீடே சிரித்தது. அடுத்த சாரலுக்குள் இவன் வாயை அடைக்காவிட்டால் நான் மனுஷனே இல்லை என்று முத்துகுமரன் சபதம் போட்டார்.

விசாரித்ததில் விஷயம் பிடிபட்டது. அச்சிலிருந்து வரும்போதே ரெசின் மேல் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டிக்கொண்டு வருகிறது. பாத்திரச் சோப்பு போட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, பிரைமர் அடித்து, அதன்மேல் பெயிண்டை மெல்லிசாக இரண்டு மூன்று தடவை அடித்தால்தான் நிற்கும்.

கழுவாவிட்டால் பெயிண்ட் போய்விடும். கழுவுவதை மனைவி பார்த்தால் அரிப்பு போய்விடும்.

யோகலட்சுமி கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கதவைச் சாத்தினார். பழைய டூத் பிரஷ்ஷால் சக்கரம் சக்கரமாக, இடுக்கு விடாமல் தேய்த்தார். தடயம் இருக்கக் கூடாதென்று சிங்க்கையும் தேய்த்து வைத்தார்.

திரும்பி வந்தவள் அடுக்களையில் நின்று பார்த்தாள்.

"சிங்க் என்ன இப்படிப் பளபளன்னு கெடக்கு?"

"நீ காலைல தேய்ச்சதுதான்."

"நானா? அம்புட்டு நல்லாவா தேய்ச்சேன்?"

அதோடு விட்டுவிட்டாள். முத்துகுமரனுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது.

ஆனி பிறந்தது. சாரல் விழுந்தது. கைலாசம் குடும்பத்தோடு வந்து இறங்கினான். ஐந்தருவியில் குளித்த பசியில் எல்லோரும் கோழிக் குழம்பை ஒரு கை பார்த்தார்கள். சாப்பிட்டு எழுந்ததும் கைலாசம் புது எஞ்சினை எடுத்து நகத்தால் சுரண்டினான். ஒரு துணுக்குகூட வரவில்லை.

"அத்தான்! எப்படி அத்தான் இப்படி நிக்குது?"

இந்தக் கேள்விக்குத்தான் அவர் ஒரு வருஷம் காத்திருந்தார்.

"மொதல்ல பிசுக்கு போணும் மாப்ளே. பாத்திரச் சோப்பு போட்டு நல்லாத் தேய்க்கணும்."

"யாரு, அக்காவா தேய்ச்சா?"

"அவளுக்கு அந்தப் பக்குவம் வராதுலே. எல்லாம் நானே என் கையால தேய்ச்சது!"

"கைக்கு ஒண்ணும் செய்யலையா?"

"கைக்கு என்ன? பூ மாதிரி இருக்கு, பாரு!"

விரித்துக் காட்டினார். அந்தக் கையில் யோகலட்சுமி கம்பி நாரை வைத்தாள்.

"குழம்புச் சட்டியில பிசுக்கு கெடக்கு. அந்தப் பக்குவம் எனக்கு வராது. நீங்களே தேய்ங்க."

எச்சில் தட்டுகளை அடுக்கிக்கொண்டு அவர் பின்னாலேயே சிங்க் வரைக்கும் வந்த கைலாசம், குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "தப்பா நெனச்சுக்கிடாதிய அத்தான். நல்லாச் சுரண்டிப் பாத்துட்டு எப்படின்னு கேளுன்னு, நாங்க பஸ் ஏறும்போதே அக்கா போன்ல சொல்லிட்டா."