செவெரின் கட்டிக்கொடுத்த கதை

மென்பொருள் எழுதுகிறவர்களில் ‘முடிஞ்சிருச்சு, கட்டிக்கொடுக்கறதுதான் பாக்கி’ என்று ஓர் இனம் உண்டு. நல்லவர்கள். பொய் சொல்லமாட்டார்கள். வேலை உண்மையிலேயே முடிந்திருக்கும். அவர்கள் மேசையில், அவர்கள் கணினியில், அவர்கள் விரல் பட்டால் அழகாக ஓடும். அதை ஒரு கோப்பாக்கி அடுத்தவர் கையில் கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். கட்டிக்கொடுக்கப் போவது பெற்ற மகளை என்பதுபோல முகம் வாடிவிடும்.

சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் என் பக்கத்து மேசைக்காரர் செவெரின் அப்படிப்பட்டவர். அவர் எழுதுவது ஸ்மால்டாக் என்ற கணினி மொழியில். அதில் செயலி, அதைச் செய்யும் கருவிகள், நேற்றுத் திறந்து வைத்த ஜன்னல்கள், பாதியில் விட்ட சோதனைகள் எல்லாம் ஒரே கூரையின்கீழ் உயிரோடு குடியிருக்கும். எழுதுகிறவருக்கு அது சொர்க்கம். வாடிக்கையாளருக்கு அனுப்பும்போதோ வேண்டாததைக் கழித்துவிட்டு, வேண்டியதை மட்டும் கட்டவேண்டும். எது வேண்டாதது? அங்கேதான் செவெரின் வழுக்கினார்.

உர்சினா பழைய நகரத்து நிலவறை ஒன்றில் பொம்மலாட்ட அரங்கு நடத்துகிறார். குளிர்காலத்துக்கு ஒரே நாடகம். அதற்கு வருகிற கூட்டம்தான் ஆண்டு முழுக்க அரங்கைத் தாங்கவேண்டும். விளக்குகளை இயக்க ஒரு செயலி கேட்டிருந்தார். செவெரின் இரண்டு ஆண்டுகள் கெஞ்ச வைத்து, ஒருவழியாகக் கொடுத்தார். கொடுப்பதற்குமுன், யாரும் கூப்பிடாத, பயன்படாத பகுதிகள் என்று தனக்குத் தோன்றியதையெல்லாம் வெட்டி எறிந்து, “பாத்தீங்களா, எவ்வளவு சின்னதா ஆயிருச்சு” என்று என்னிடம் பூரித்தார்.

அக்கம்பக்கத்தாரை அழைத்து ஒத்திகை நடந்தது. நானும் போயிருந்தேன். கரடி வந்தது, ஆடியது, அம்பு பட்டுச் செத்தது. அப்போது இருள வேண்டும். இருளவில்லை. செத்த கரடி பளீரென்ற வெளிச்சத்தில் தொங்க, அதற்குள் இருந்த உர்சினாவின் கை நடுங்க, பார்வையாளர்கள் ‘இன்னும் உயிர் இருக்கிறதோ’ என்று எட்டிப் பார்த்தார்கள்.

கரடிக்குள்ளிருந்து குரல் வந்தது. “செவெரின், என்னப்பா ஆச்சு?”

“கம்ப்யூட்டர் ஏதோ புரியலைன்னு சொல்லுது.”

“என்ன புரியல அதுக்கு?”

“விளக்கை அணைன்னா புரியலையாம். அந்தப் பகுதியை யாரும் கூப்பிடலைன்னு நெனச்சு நான்...”

“நெனச்சு?”

“வெட்டிட்டேன்.”

கரடி மெதுவாகத் தரையில் படுத்தது.

முதல் காட்சிக்கு முந்தின நாள். செவெரின் இப்போது எதையும் வெட்டாமல் மொத்தத்தையும் கொண்டுவந்தார். விளக்குக்காரர் தெரியாமல் ஏதோ ஓர் ஓரத்தில் தட்ட, செவெரினின் பட்டறை முழுவதும், கருவிகளும் பாதிச் சோதனைகளுமாக, திரையில் விரிந்தது. விளக்குக்காரர் கையை எடுத்துவிட்டார். இனி தொடமாட்டேன் என்றார். உர்சினா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அவர் கண் கலங்கியதை நான் அன்றுதான் பார்த்தேன்.

“என் லேப்டாப்ல நல்லாத்தான் ஓடுது,” என்றார் செவெரின். இந்த இனத்தின் தேசிய கீதம் அது.

“காட்டு.”

காட்டினார். கரடி செத்தது, அரங்கம் அழகாக இருண்டது.

உர்சினா கண்ணைத் துடைத்துக்கொண்டு கையை நீட்டினார். “சரி, இதைக் குடு.”

“எதை?”

“லேப்டாப்பை.”

“இது என்னோடது. என் வேலை பூரா இதுக்குள்ளதான் இருக்கு.”

“தெரியும்ப்பா. என் அரங்கும் இப்ப அதுக்குள்ளதான் இருக்கு. நீ கட்டிக் கொண்டா, நான் இதைத் திருப்பித் தரேன்.”

முதல் காட்சி நிரம்பி வழிந்தது. செவெரின் கடைசி வரிசையில் உட்கார்ந்து, நாடகத்தைப் பார்க்காமல், விளக்குக்காரரின் காபிக் கோப்பை தன் கணினிக்கு எவ்வளவு பக்கத்தில் இருக்கிறது என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் அவர் வேலைக்கு வந்த வேகம் இருக்கிறதே! அரங்குக்குக் கொண்டுபோயிருந்த மொத்த நகலை என் பழைய கணினியில் ஏற்றினார். இந்த முறை எதையும் நினைத்து வெட்டவில்லை. ஒவ்வொரு காட்சியையும் ஓட்டிப் பார்த்து வெட்டினார். பட்டறைக் கதவை அடைத்தார், ஒற்றைக் கோப்பாக்கினார். இரண்டு ஆண்டுகளாக ‘கொஞ்சம் பாக்கி’யாக இருந்த வேலை, மதியச் சாப்பாட்டுக்குமுன் முடிந்தது.

உர்சினா தன் கணினியில் அதைத் திறந்தார். எல்லாக் காட்சியும் ஒழுங்காக ஓடியது. அந்த ஊர் வழக்கப்படி செவெரினின் கன்னத்தில் மூன்று முத்தம் வைத்து, மடிக்கணினியைத் திருப்பிக் கொடுத்தார். செவெரின் அதை மார்போடு அணைத்துக்கொண்டு படியேறினார். பாதிப் படியில் நின்றார்.

“உர்சினா, அதுல ஒரே ஒரு சின்னத் திருத்தம் மட்டும்...”

கீழே கதவு சாத்திக்கொண்டது.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ‘இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பிவிடலாம்’ என்று நீங்கள் வைத்திருக்கிறீர்களே ஒன்று, அது என்னவென்று நான் கேட்கப்போவதில்லை. அதற்காகக் காத்திருப்பவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். அவர் இதுவரை கையை நீட்டாமல் இருப்பது அவருடைய நாகரிகம். அதை உங்கள் திறமை என்று நினைத்துவிடாதீர்கள்.