காருக்குள் பேச்சு நின்றுபோன விவரம்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனார் அநேக ஆசீர்வாதங்களுடன் எழுதிக்கொண்டது. நீங்களும் மகளும் சுகம்தானே? இங்கே நான் சுகம். உங்கள் அத்தையும் சுகமாகத்தான் இருக்க வேண்டும். நான்கு நாளாகக் கேட்டும் பதில் வராததால் உறுதியாக எழுத முடியவில்லை. போனில் சொல்லலாம்தான். ஆனால் இந்த வீட்டுச் சுவர் உங்களுக்குத் தெரியும், சமையலறையில் கரண்டி விழுந்தால் வாசலில் கேட்கும். அதனால் கடிதம்.

விஷயம் நீங்கள் எங்களுக்குக் கொடுத்த காரைப் பற்றியது. ஐம்பத்தெட்டு வயதில் லைசென்ஸ் எடுத்து, முட்டி வலிக்காக வாரம் இரண்டு நாள் நீச்சல் குளத்துக்குத் தானே ஓட்டிப் போய்வந்த உங்கள் அத்தை, மூன்று வாரம் முன்பு சிக்னலில் நின்றிருக்கிறாள். திடீரென்று டேஷ்போர்டு விளக்கெல்லாம் ஒன்றாக எரிந்து, பெட்ரோல் முள் பொத்தென்று விழுந்து, நல்ல வெயிலில் வைப்பர் தானாக ஆடி, ஸ்டீரிங் கல்லாகி, பின்னால் இருந்தவன் ஹாரனில் வைத்த கையை எடுக்கவே இல்லையாம். வண்டியை ஓரங்கட்டிவிட்டுப் பஸ்ஸில் வந்தவள் சாவியை மேசைமேல் வைத்தாள். “எனக்கு வயசாயிடுச்சுங்க. எதையோ மாத்தி அமுக்கிட்டேன் போல. இனிமே அதைத் தொடமாட்டேன்.” மறுநாள் நீச்சலுக்கும் போகவில்லை. நான் போய் ஸ்டார்ட் செய்தால் வண்டி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி ஓடுகிறது.

தெருக்கோடி கார் எலக்ட்ரீஷியனிடம் கொண்டுபோனேன். மீட்டர் வைத்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார் என்பதால் அவருக்கு மீட்டர்காரர் என்றே பெயர். ஸ்டீரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகினார். “சார், இந்த வண்டிக்குள்ள குட்டிக் கம்ப்யூட்டர் மாதிரி பதினோரு பெட்டி இருக்கு. இன்ஜினுக்கு ஒண்ணு, பிரேக்குக்கு ஒண்ணு, கதவுக்குக்கூட ஒண்ணு. எல்லாம் ரெண்டே ஒயர்லதான் பேசிக்குது. ஒருத்தன் உளறிக் கொட்டினா மத்தவன் யாரும் வாயத் திறக்க முடியாது” என்றார். பிறகு புகார்ப் பட்டியலைப் படித்தார். பிரேக் பதில் சொல்லவில்லை என்கிறது இன்ஜின், இன்ஜின் பதில் சொல்லவில்லை என்கிறது ஸ்டீரிங், ஸ்டீரிங்கையே காணோம் என்கிறது கதவு. முப்பது வருடம் ஆபீசில் நான் பார்த்த கோப்பெல்லாம் இதே கதைதான். “ஆனா எல்லாமே பழைய புகார் சார். இப்ப ஒத்துமையாத்தான் பேசுதுங்க.” இரண்டு ஒயருக்கும் நடுவில் மீட்டரை வைத்தார், ஒயர் நன்றாக இருந்தால் அறுபது ஓம் காட்ட வேண்டுமாம், காட்டியது. வீட்டுக்கு வந்தேன், மறுநாள் வாசலிலேயே வைப்பர் ஆடியது. திரும்பக் கொண்டுபோனேன், அறுபது. மூன்றாம் தடவை பெட்டி பெட்டியாகக் கழற்றி, கனெக்டரைத் துடைத்து, பேட்டரி எர்த் ஒயரைத் தேய்த்து மாட்டினார். அப்போதும் அறுபது. மனிதர் இளைத்தே போய்விட்டார்.

இதுவரை எழுதாத ஒன்று இருக்கிறது, மாப்பிள்ளை. அத்தை தனியாகப் போக ஆரம்பித்ததிலிருந்து எனக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. கட்டைவிரல் அளவில் ஒரு கருவி வாங்கி அதே சாக்கெட்டில் சொருகி வைத்தேன். அவள் எவ்வளவு வேகத்தில் போகிறாள் என்று என் போனில் தெரியும். அவளுக்குத் தெரியாது. ஒவ்வொரு தடவை ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்போதும், பாவம், மீட்டர்காரர் சொருக இடம் வேண்டுமே என்று அதைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். வீட்டுக்கு வந்ததும் மறுபடி சொருகிவிடுவேன். இதில் எனக்கு ஒரு தப்பும் தோன்றவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மீட்டர்காரர் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கே வந்து, ஸ்டீரிங்குக்கு அடியில் தலையை விட்டார். “பச்சையா மினுக்கு மினுக்குன்னு என்னமோ எரியுதே, இது என்ன சார்?” சொன்னேன். “அட கடவுளே, இவன்தான் சார் உளறுவாயன்! மூணு தடவையும் இவனப் பையில வச்சுக்கிட்டா என் பக்கத்துல நின்னீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த அத்தை எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். “அப்ப நான் எதையும் தப்பா அமுக்கலை” என்றாள் மெதுவாக. பிறகு என்னைப் பார்த்து, “உங்களுக்கு என்மேல அவ்வளவுதான் நம்பிக்கை” என்றாள். கத்தியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கருவி குப்பைக்குப் போய்விட்டது, காரின் பதினோரு பெட்டியும் சளசளவென்று பேசுகின்றன, வீட்டில் இருக்கும் இரண்டு பேர்தான் பேசுவதில்லை. சாவி அவள் வைத்த இடத்திலேயே கிடக்கிறது. அவள் அதை மறுபடி எடுக்காமலே இருந்துவிடுவாளோ என்பதுதான் என் பயமெல்லாம்.

ஆகவே ஒரு சின்ன உதவி. அந்தக் கருவியை வாங்கி அனுப்பியது நீங்கள்தான் என்று அத்தைக்குப் போன் செய்து சொல்லிவிடுங்கள். உங்கள்மேல் அவளுக்குக் கோபம் வராது. வந்தாலும் நீங்கள் மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிறீர்கள், நான் பக்கத்து அறையில் இருக்கிறேன். மகளிடம் மூச்சு விடவேண்டாம். நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நூறு வருடம் ஒருவரோடொருவர் பேசிக்கொண்டே இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்களை மலைபோல் நம்பியிருக்கும் மாமனார்

பின்குறிப்பு: மேலே உள்ளதையெல்லாம் விட்டுவிடுங்கள். நான் கவர் தேடி எழுந்துபோன நேரத்தில் அத்தை முழுக்கப் படித்துவிட்டாள். “பொய் சொல்ல அந்தப் புள்ளதான் கெடைச்சாரா?” என்று கேட்டாள். “தபால்ல போட்டா எப்பப் போய்ச் சேருமோ. குடுங்க, நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்” என்று சாவியை எடுத்துவிட்டாள். நானும் வரட்டுமா என்றேன். “வேணாம்” என்றாள். பானெட்மேல் தாளை வைத்து இதை எழுதுகிறேன். இன்ஜின் ஓடுகிறது, எழுத்து ஆடினால் மன்னிக்கவும். இதை உங்கள் கையில் கொடுப்பவள் அவள்தான். வந்து சேர்ந்ததும் ஒரு போன் செய்யுங்கள், மாப்பிள்ளை. எவ்வளவு வேகத்தில் வந்தாள் என்று கேட்கமாட்டேன்.