விடையைச் சரிபார்த்தல்

நில அளவையாளருக்கு மகளின் கணக்குப் பாடத்தில் அக்கறை பிறந்த நாளும், பாத்திரம் தேய்க்க வந்துகொண்டிருந்த பெண்மணி வேலையை விட்டு நின்ற நாளும் ஒன்றே. அதைத் தற்செயல் என்று அவர் மட்டும் நம்பினார்.

சாப்பிட்டுக் கை கழுவியதும் மகளைக் கூடத்து மேசைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார். சமையலறையில் பாத்திரம் உருளத் தொடங்கும். இவர் குரலும் உயரும். ஒரே கணக்கு, அதற்கு ஏழு படிகள். கொடுத்திருப்பது என்ன என்று ஒரு படி. கேட்டிருப்பது என்ன என்று ஒரு படி. கோடு போட ஸ்கேலைத் தேடுவதே ஒரு படி. கடைசிப் படி, சரிபார்த்தல். "சரிபாக்காத விடைக்குப் பாதி மார்க்குதான்" என்பார். அடுப்பு மேடையைத் துடைக்கும் சத்தம் கேட்டால்தான் விடை வரும்.

ஏழாம் வகுப்பு மகளுக்கு இரண்டாம் படியிலேயே விடை தெரிந்துவிடும். அப்பா மனசு நோகக் கூடாதென்று காத்திருப்பாள்.

மனைவி தையல்காரி. வெட்டும் முன் இரண்டு முறை அளப்பவள். பத்து நாள் வாய் திறக்கவில்லை. பதினோராம் நாள், தொலைக்காட்சியில் கால்பந்து இறுதியாட்டம் தொடங்க அரை மணி இருக்கும்போது, மேசையருகே வந்தாள்.

"ஏங்க, எனக்கொரு கணக்கு. ஒரு வீட்டுச் சமையக்கட்டு வேலைய மனைவி தனியா முடிக்க ஒரு மணி நேரம். புருஷனும் சேந்தா எவ்வளவு?"

"புருஷன் தனியா செஞ்சா எவ்வளவுன்னு சொல்லலியே?"

"அத நீங்கதான் சொல்லணும்."

அவர் உஷாரானார். கையாலாகாதவன் என்று ஒத்துக்கொள்வதில் இத்தனை சௌகரியம் இருக்கும்போது வீம்பு எதற்கு?

"மூணு மணி நேரம்" என்றார், தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு.

பிறகு எழுதினார். ஒரு நிமிடத்தில் மனைவி முடிப்பது அறுபதில் ஒரு பங்கு. புருஷன் முடிப்பது நூற்றெண்பதில் ஒரு பங்கு. இரண்டையும் கூட்டினால் நாற்பத்தைந்தில் ஒரு பங்கு.

"நாப்பத்தஞ்சு நிமிஷம். மிச்சமாகறது வெறும் பதினஞ்சு. அதுக்காக ஒரு பொண்ணோட படிப்பக் கெடுக்கணுமா?"

"கெடுக்கக் கூடாதுதான்" என்றாள் மனைவி.

மகள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கினாள். "அப்பா, நீங்க சரிபாக்கல. பாதி மார்க்குதான்."

வேறு வழியில்லை. சட்டைக் கையை மடித்துக்கொண்டு மனைவியோடு சமையலறைக்குள் போனார். மகள் கடிகாரத்தோடு சமையலறை வாசலில் உட்கார்ந்தாள். ஆட்டம் தொடங்கிவிடுமே என்ற பதைப்பில் அவர் தேய்த்த தேய்ப்பில் வருஷக்கணக்காகக் கறுத்துக் கிடந்த சட்டி முகம் பார்க்கும் கண்ணாடியாயிற்று. அதில் தன் முகத்தைப் பார்க்கக்கூட அவர் நிற்கவில்லை.

"முப்பது நிமிஷம்!" என்று கத்தினாள் மகள். நோட்டைத் திறந்தாள். "ரெண்டு பேரும் சேந்து நிமிஷத்துக்கு முப்பதுல ஒரு பங்கு. அம்மாவோடது அறுபதுல ஒரு பங்கு. கழிச்சா..." இந்த முறை அவள் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. "அப்பாவோடதும் அறுபதுல ஒரு பங்கு. ரெண்டு பேரும் சமம்!"

"சமமா?" என்று ஆச்சரியப்பட்டாள் மனைவி. "அப்படின்னா ஒரு நாள் விட்டு ஒரு நாள்."

முழங்கை வரை நுரையோடு நின்றார் அவர். "அப்போ இவ கணக்குப் பாடம்?"

மனைவி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"நாளைக்கு நான் சொல்லிக் குடுக்கறேன். ஏழு படியும் விடாம."