எழுபத்தைந்து சதவீதக் கணவன்

நாற்பத்தோரு வயதில் மறுபடியும் மாணவன் ஆவது என்று முடிவெடுத்தேன். படிப்பின் மேல் இருந்த ஆசையால் அல்ல. ஞாயிற்றுக்கிழமையின் மேல் இருந்த ஆசையால்.

இதை வெளியே சொல்ல முடியாதே. அதற்காகக் கௌரவமான காரணம் ஒன்றும் கையில் வைத்திருந்தேன். என் பெயர் எபினேசர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரப்பர் குழாய் செய்யும் கம்பெனியில் பி ஷிஃப்ட் சூப்பர்வைசர். அசிஸ்டென்ட் மேனேஜர் நாற்காலி ஒன்று காலியாக இருந்தது. முதுகலைப் பட்டம் இருந்தால்தான் அதில் உட்கார வைப்போம் என்று ஜி.எம். சொல்லிவிட்டார். திருவள்ளூர் பக்கம் ஒரு கல்லூரியில், ஞாயிறு மட்டும் வகுப்பு நடத்தி, இரண்டு வருடத்தில் எம்.பி.ஏ. தருகிறார்களாம். அந்த 'ஞாயிறு மட்டும்' என் காதில் வேத வசனம் போல விழுந்தது.

எங்கள் வீட்டு ஞாயிறு அப்படி. காலையில் சர்ச்சில் நாற்காலி அடுக்க வேண்டும். வந்ததும் கோழி வாங்கி, வெங்காயம் உரித்து, தண்ணீர்த் தொட்டி கழுவி, மகள் ஷைனியின் பள்ளிக்கூட வேலைக்குத் தெர்மாகோல் வெட்ட வேண்டும். மாலையில் மணவாள நகர் மாமியார் வீட்டுக்குப் போய் அங்கே ஒட்டடை அடிக்க வேண்டும். ஆறு நாள் கம்பெனியில் எடுத்த ஓய்வெல்லாம் அந்த ஒரே நாளில் கரைந்துவிடும்.

விஷயத்தைச் சொன்னதும் என் மனைவி சுகிர்தா சந்தோஷப்பட்டாள். அவள் பி.காம்., முதல் வகுப்பு. தானும் கூடவே சேரட்டுமா என்று கேட்டாள். ஒரு வீட்டுக்கு ஒரு மாஸ்டர் போதும் என்று பெருந்தன்மையாக மறுத்துவிட்டேன்.

சேர்ந்த அன்றே எண்பத்து நாலு பக்கத்தில் ஒரு விதிமுறைப் புத்தகம் கொடுத்தார்கள். நான் அட்டையைப் பார்த்தேன். மீதியை சுகிர்தா படித்தாள். பென்சிலால் கோடு போட்டுப் படித்தாள். நாலு செமஸ்டர், எண்பது கிரெடிட், வருகைப்பதிவு எழுபத்தைந்து சதவீதம், அசைன்மென்ட் அவரவர் சொந்தமாக எழுத வேண்டும், தோற்றால் அரியர் என்று சமையல் நடுவே எனக்கு ஒப்பித்துக்கொண்டிருந்தாள். கம்பெனியில் அரியர் வந்தால் ஸ்வீட் வாங்குவோம், கல்லூரியில் வந்தால் ஏன் பயப்பட வேண்டும் என்று கேட்டேன். அவள் சிரிக்கவில்லை. அந்தப் பக்கத்திலும் ஒரு கோடு போட்டாள்.

முதல் செமஸ்டர் ஒழுங்காகத்தான் போனேன். இருபது வயதுப் பிள்ளைகளுக்காகச் செய்த பெஞ்சு அது. இந்தப் படிப்புக்கு முதுகலை என்று ஏன் பெயர் வைத்தார்கள் என்பது மூன்றாவது வாரமே என் முதுகுக்குப் புரிந்துவிட்டது. அசைன்மென்டை டைப் மட்டும் அடித்துத் தரும்படி சுகிர்தாவிடம் கொடுத்தேன். அடுத்ததற்கு நாலு குறிப்பும் எடுத்துத் தரச் சொன்னேன். அதற்கு அடுத்ததில் தலைப்பை மட்டும் சொன்னேன். செமஸ்டர் முடியும்போது என் பங்கு கையெழுத்து ஒன்றுதான். கல்லூரி வெப்சைட்டில் ஏற்றுவதும் அவளே. பாஸ்வேர்டும் அவளிடமே. எவ்வளவு சௌகரியம் என்று நினைத்தேன்.

இரண்டாவது செமஸ்டரில்தான் வசந்தகுமார் குறுக்கே வந்தான். அவன் ஏ ஷிஃப்ட் சூப்பர்வைசர். பெரியபாளையம் தாண்டி அவனுக்கு இரண்டு ஏக்கர் நெல் வயலும் ஒரு பம்புசெட்டும் உண்டு. திருவள்ளூர் போகிற வழியில், வண்டியை லேசாக வளைத்தால் போதும். ஒரு ஞாயிறு வளைத்தேன். பம்புசெட்டுத் தொட்டியில் குளியல், நாட்டுக்கோழிக் குழம்பு, கயிற்றுக் கட்டிலில் தூக்கம். அதற்கப்புறம் அந்த இடம் வந்தாலே வண்டி தானாக வளைந்தது.

சாயங்காலம் வீட்டில் கணக்குச் சொல்ல வேண்டுமே. "இன்னிக்கு இன்னா நடத்துனாங்க?" என்பாள் சுகிர்தா.

"மோட்டிவேஷன்."

"எப்டி இருந்துச்சு?"

"குளுகுளுன்னு இருந்துச்சு."

அவள் என் பையிலிருந்து துண்டை எடுத்துக் கொடியில் காயப்போடுவாள்.

பதினெட்டாவது ஞாயிறு வசந்தகுமார் மாமனார் ஊருக்குப் போய்விட்டான். வேறு போக்கிடம் இல்லாமல் வகுப்புக்குப் போனேன். காயத்ரி மேடம் உள்ளே வந்ததும் என்னைத் தேடினார். நான் அனுப்பிய கேஸ் ஸ்டடிதான் வகுப்பிலேயே சிறந்தது என்றார். நான் அனுப்பியது என்னவென்று எனக்குத் தெரியாது. அடக்கமாகத் தலை குனிந்தேன். அவரே அதை வாசித்துத் தமிழிலும் விளக்கினார்.

ஒரு சிறு நிறுவனம். உறுப்பினர் மூன்று பேர். அதில் மூத்த ஊழியர் ஒருவரை, பதினாலு வருட சேவையை மதித்து, வாரம் ஒருநாள் வெளியே பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். அவர் பயிற்சிக்குப் போகாமல் ஒரு நீர்வள மையத்தில் பொழுதைக் கழிக்கிறார். திரும்பி வந்து வாய்க்கு வந்ததைப் பயிற்சி என்று சொல்கிறார். அவர் வேலையையும் சேர்த்து, இன்னொரு உறுப்பினர் சம்பளமில்லாமல் செய்கிறார்.

எனக்குக் கொஞ்சமும் உறைக்கவில்லை. அந்த ஆள் மேல் கோபம்தான் வந்தது. என் ஷிஃப்டிலும் இப்படி நாலு பேர் இருக்கிறார்கள். இதற்கு நீங்கள் சொல்லும் தீர்வு என்ன என்று மேடம் கேட்டதும் எழுந்துவிட்டேன். முதலில் அவனிடமிருந்து வண்டியைப் பிடுங்க வேண்டும், அடுத்தவர் தலையில் கட்டிய வேலையை எல்லாம் அவன் தலையில் கட்ட வேண்டும், அந்தப் பயிற்சி இடத்தை அந்த இன்னொரு உறுப்பினருக்கே கொடுத்துவிட வேண்டும் என்று பொரிந்து தள்ளினேன்.

"கொஞ்சம் கூட இரக்கம் காட்டக் கூடாதா?" என்றார் மேடம்.

"கூடாது மேடம். பாவம் பார்த்தா அந்தக் கம்பெனி உருப்படாது."

வகுப்பே கைதட்டியது. அதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, வெப்சைட்டில் சேர்க்கச் சொன்னார். பத்துக்குப் பத்து. அன்று நான் வண்டியில் வரவில்லை, பறந்து வந்தேன்.

தாளை சுகிர்தாவிடம் நீட்டினேன். அவள் நிதானமாகப் படித்தாள். போனில் படம் எடுத்து வெப்சைட்டில் ஏற்றினாள். அப்புறம் தாளை ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டினாள். எதற்கு என்று கேட்டேன்.

"அமல்படுத்தத்தான். உங்க கையெழுத்தே இருக்குதே."

அப்போதுதான் உறைத்தது. நிறுவனம் எது, மூன்று உறுப்பினர் யார், நீர்வள மையம் எங்கே என்று ஒவ்வொன்றாக, கட்டிலிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி உறைத்தது. எப்படித் தெரியும் என்றுதான் கேட்க முடிந்தது.

"எந்தக் காலேஜ்ல டவல் நனையுது? ஒவ்வொரு வாரமும் வெப்சைட்ல அட்டெண்டன்ஸ் வந்துக்கினுதான் இருக்குது. பதினெட்டுல ஒம்போது."

மருத்துவச் சான்றிதழ் வாங்கலாமே என்றேன். வருகை அறுபத்தைந்து சதவீதத்துக்கு மேல் இருந்தால்தான் அது செல்லும், அதையும் ஒரு வாரத்துக்குள் கொடுத்திருக்க வேண்டும் என்று பக்கத்தைப் புரட்டிக் காட்டினாள். இனி இருக்கும் இரண்டு ஞாயிறும் ஓடிப் போனாலும் இருபதில் பதினொன்றுதான். பரீட்சை எழுத விடமாட்டார்கள். அடுத்த வருடம் ஜூனியர்களோடு இதே செமஸ்டரைத் திரும்பப் படிக்க வேண்டும்.

என்னிடம் ஒரே ஒரு ஆயுதம் பாக்கி இருந்தது. அசைன்மென்டை எல்லாம் எழுதியது யார் என்று கல்லூரியில் சொல்லிவிடுவேன் என்றேன்.

"தாராளமா சொல்லுங்க. அடுத்தவங்க எழுதுனதைத் தன்னுதுன்னு குடுத்தவருக்குத்தான் தண்டனை போட்ருக்குது. எழுதிக் குடுத்தவங்களைப் பத்தி ஒரு வரியும் இல்ல. நாலு தரம் படிச்சுப் பாத்துட்டேன்."

அதோடு விடவில்லை. போன மாதம் ஒரு ஞாயிறு நான் தொட்டியில் மூழ்கிக் கிடந்தபோது, அவள் பஸ் பிடித்து அதே கல்லூரிக்குப் போய் நுழைவுத் தேர்வு எழுதியிருக்கிறாள். ஜூலையில் சேரச் சொல்லிக் கடிதமும் வந்துவிட்டது. கடிதத்தைத் தாளுக்குப் பக்கத்திலேயே ஒட்டினாள்.

ஜூலையிலிருந்து என் தீர்வுகள் மூன்றும் அமலுக்கு வந்தன. ஞாயிறு காலை வண்டி சாவி அவள் கையில். கோழியும் வெங்காயமும் தெர்மாகோலும் என் கையில். மாமியார் வீட்டு ஒட்டடைக்கு நான் பஸ்ஸில் போய் வந்தேன். குழம்பில் உப்பு கூடினால் விளக்கம் கேட்டு எழுதித் தரச் சொன்னாள். அந்த செமஸ்டர் மொத்தத்தில் அவள்தான் முதலிடம்.

ஜனவரியில் என்னை மறுபடி இரண்டாவது செமஸ்டரில், அவள் வகுப்பிலேயே சேர்த்துக்கொண்டார்கள். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போனேன். பெரியபாளையம் தாண்டி அந்த வளைவு வந்ததும் அவள் ஆக்ஸிலேட்டரை முறுக்கினாள். வகுப்புப் பிரதிநிதியும் அவளே. இருபது ஞாயிறும் எனக்கு இருபது டிக். அசைன்மென்டையும் நானே எழுதினேன். பத்துக்கு நாலு.

செமஸ்டர் முடிந்ததும் எட்டு வாரம் ஒரு தொழிற்சாலையில் இன்டர்ன்ஷிப் செய்து அறிக்கை கொடுக்க வேண்டும் என்பது விதி. வேலையில் இருப்பவர்கள் தங்கள் கம்பெனியிலேயே செய்துகொள்ளலாம். அதைக் கேட்டதும் எனக்கு நிம்மதி. எட்டு வாரம், கம்பெனி என் கம்பெனி, அங்கே வேவு பார்க்க யாரும் இல்லை.

முதல் நாள் ஜி.எம். கூப்பிடுகிறார் என்றார்கள். கதவைத் திறந்தேன். அவர் எதிரே சுகிர்தா உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஐ.டி. கார்டு, மடியில் நோட்டு.

"வாங்க எபினேசர்," என்றார் ஜி.எம். "இவங்க எம்.பி.ஏ. இன்டர்ன், படிப்புல முதலிடமாம். சூப்பர்வைசருங்க வேலைக்கு டிமிக்கி குடுக்கிறதைப் பத்தி ஆராய்ச்சி. உங்க பி ஷிஃப்டைத்தான் கேட்டு வாங்கியிருக்காங்க. இவங்க அறிக்கையைப் பார்த்துட்டுதான் உங்க பிரமோஷனை முடிவு பண்ணப் போறேன். கொஞ்சம் அனுசரிச்சுப் போங்க."

"பதினஞ்சு வருஷமா அதைத்தான் சார் செஞ்சுக்கினு இருக்கேன்," என்றேன்.

சுகிர்தா நோட்டைத் திறந்து அதையும் எழுதிக்கொண்டாள்.